தள்ளிப்போட்ட ரத்தம்

விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ரேஷன் கடையில் நான் விற்பனையாளர். ஒரு மாதம் மூன்றாம் தேதி, முற்பகலில், மிஷினில் கைரேகை வாங்கிக்கொண்டிருந்தபோது தொடை வழியே ரத்தம் சூடாக இறங்கியது. நாற்காலியில் போட்டிருந்த சாக்கு நனைந்துவிட்டது. எதிரே நீண்ட வரிசை. எழுந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கடைசி ஆள் போகும் வரை அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து பில் போட்டேன்.

ஸ்கேன் அறை வாசலில், பிறகு நான் பட்ட அதே பயத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் செய்த முட்டாள்தனத்தை நீங்களாவது செய்யாமல் இருங்கள்.

எங்கள் கடையில் கழிப்பறை இல்லை. மாதத்தின் முதல் பத்து நாள் கூட்டம் நெரியும். எடை போட ஒரு ஆள் உண்டு, ஆனால் மிஷினை விட்டு நான் நகர முடியாது. அதனால் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி விழுங்கினேன். திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று எங்கள் பக்கம் யார்தான் போடவில்லை? அவர்கள் எப்போதாவது போட்டார்கள். நான் அரிசிக்கும் பருப்புக்குமாக ஆறு வருடம் போட்டேன். கடைசி ஒரு வருடமாக நாள் தவறி வந்ததையும் கட்டிகட்டியாகப் போனதையும் மாத்திரையின் கோளாறு என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அன்று தொடங்கியது நிற்காததால் அரியலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன்.

"எவ்ளோ நாளா ப்ளீடிங் இருக்கு?"

"இருபது நாளா மேடம்."

"வேற ஏதாவது மாத்திர சாப்பிடுறீங்களா?"

"சுகர், பிரஷர் ஒண்ணும் கெடையாதுங்க."

பொய் சொல்ல நினைக்கவில்லை. நாளைத் தள்ளிப்போடுவதை மாத்திரைக் கணக்கில் நான் சேர்த்ததே இல்லை. அவர் ரத்தம் நிற்க ஒரு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதி, நிற்காவிட்டால் உடனே வரச் சொன்னார். அடுத்த ஒன்றாம் தேதிக்கு முன்பே என் பழைய மாத்திரையையும் சேர்த்துப் போட்டேன். ரத்தம் நின்றது. டாக்டர் கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்படியே நான்கு மாதம் போனது.

ஐந்தாவது மாதம் எதற்கும் அடங்கவில்லை. படி ஏறினால் கண் இருட்டியது. என் கணவர் செல்வராசு பெரம்பலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஹீமோகுளோபின் (ரத்தத்தின் சிவப்பணுச் சத்து) பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

அங்கேதான் 'ப்ளீடிங்' என்ற இந்த ஒரு சொல்லை எத்தனை விதமாகக் கேட்டேன்! வார்டில் நர்ஸ் "ப்ளீடிங் எப்டி?" என்றால் பஞ்சு எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பொருள். பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு அது ஈறில் வடிவது. எங்கள் கடை வரிசையில், தீட்டு என்று சொல்லக் கூசும் பெண்கள் மாதவிலக்குக்கே அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான். மாதாமாதம் வருவதும், உயிரை உறிஞ்சியதும் எனக்கு அந்த ஒரே பெயரில்தான் இருந்தன. லேபில் 'ப்ளீடிங் டைம்' (ரத்தம் தானாக நிற்க எடுக்கும் நேரம்) பார்க்க விரலில் குத்தி, தாளில் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். மூன்று நிமிடத்தில் நின்றுவிட்டது. உள்ளே நிற்காதது விரலில் மட்டும் எப்படி நிற்கிறது என்று எனக்கு அழுகை வந்தது.

செல்வராசு லாரி மெக்கானிக். பிரேக் ஆயில் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலைக்குப் பட்டறையில் அதே பெயர். கட்டிலருகே நின்று சொன்னார்:

"நாளைக்குப் பத்து வாட்டி சொல்ற வார்த்த. இப்ப நாக்குல வரமாட்டேங்குது ராணி."

பெரம்பலூர் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டுக் கேள்வியை வேறு மாதிரிக் கேட்டார். "நாள் தள்ளிப்போக ஏதாச்சும் போட்டீங்களா?"

செல்வராசுவுக்கும் அதுவரை தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு, ஆறு வருடம் என்றேன்.

"எதுக்கும்மா?"

"கடையில கக்கூஸ் இல்லீங்க."

டாக்டர் திட்டியிருந்தால் தேவலை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த மாத்திரதான் நோயக் குடுத்துச்சுன்னு நான் சொல்லல. உடம்பு காட்டுன அறிகுறிய அது மறைச்சுருச்சு. பயாப்சி எடுத்துருவோம்." பயாப்சி என்றால் கருப்பையின் உள்ளிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது.

முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளை எப்படிச் சொல்வது? பயந்தேன். சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் எடுக்காமல் செல்வராசுவிடம் நீட்டினேன். செத்துப்போனால் செல்வராசு என் புடவைகளை யாருக்குக் கொடுப்பார் என்றுகூட யோசித்தேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது.

புற்றுநோய் இல்லை. ஹைப்பர்பிளாசியா (கருப்பையின் உள்சவ்வு அளவுக்கு மீறித் தடிப்பது), அதிலும் புற்றுநோய்க்கு முந்தைய படி என்றார்கள். மூன்று யூனிட் ரத்தம் ஏற்றி, கருப்பையை எடுத்துவிட்டார்கள். எடுத்ததைச் சோதித்ததிலும் புற்று இல்லை. நான் பிழைத்துக்கொண்டேன்.

எனக்கு இப்போது மாதம் என்று ஒன்று இல்லை. ஆனாலும் கழிப்பறையில் ஒவ்வொரு முறையும் கீழே குனிந்து பார்க்காமல் எழ முடிவதில்லை. பீட்ரூட் தின்ற மறுநாள் ஒரு முறை அலறியே விட்டேன். பயம் குறையும் என்கிறார்கள். எனக்கு இன்னும் குறையவில்லை.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியது ஒரு ஒன்றாம் தேதி. பதினொரு மணிக்கு அடிவயிறு முட்டியது. பழக்கத்தில் அடக்கிக்கொண்டு இரண்டு பேருக்குப் பில் போட்டேன். பிறகு மிஷினை அணைத்து எழுந்தேன்.

"எங்கம்மா போற? வெயில்ல நிக்கிறோம்ல" என்றார் முன்னால் நின்றவர்.

"ஒண்ணுக்குப் போறேன். நில்லுங்க."

என் காது சூடாகிவிட்டது. கடைக்குப் பின்வீட்டு மேரி அக்காவிடம் கேட்டுப் போய்விட்டு வந்தேன். குனிந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது வரிசையிலிருந்து ஒரு பெண் விலகி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"காலையிலேருந்து அடக்கிக்கிட்டு நிக்கிறேன்க்கா. நீங்க எந்த வூட்டுக்குப் போனீங்க?"

கை காட்டினேன். அவள் பின்னால் இன்னும் மூன்று பேர் போனார்கள். அவர்கள் வரும் வரை மிஷினை நான் போடவில்லை.