மூக்கில் கரையாத பஞ்சு

மட்டாஞ்சேரித் தமிழ்ப் பிராமணர்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும் சமையல் வெங்கிட்டுதான். அதிலும் வருஷத்துக்கு ஒருமுறை சமூக மடத்தில் ஐயப்பனுக்கு நடக்கும் சாஸ்தாப்ரீதிச் சமையலில் அவருக்குத் தனிப் பெருமை. நிவேதனம் ஆகும்வரை ஒரு துளியைக்கூட நாக்கில் வைக்கக் கூடாது. மோந்து பார்ப்பதும் தப்புதான். ஆனால் தானாக வந்து மூக்கில் ஏறும் ஆவியை யார் என்ன செய்ய முடியும் என்பது வெங்கிட்டுவின் வாதம். அந்த ஆவியை வைத்தே உப்பு குறைவு, பெருங்காயம் தூக்கல் என்று சொல்லிவிடுவார்.

அந்த மூக்கில்தான் இப்போது பஞ்சு. சைனஸ் ஆபரேஷன் முடிந்து, ரத்தம் கசியாமல் இருக்க வைத்து அடைத்தது. முன்பு அவர் தம்பிக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது, மறுநாளே நீளமான துணித்திரியை உருவி எடுத்தார்கள். அவன் போட்ட கத்தலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. ஆனாலும் மூக்கு திறந்தது. அந்தத் தைரியத்தில்தான் வெங்கிட்டு இந்த வருஷ சாஸ்தாப்ரீதிச் சமையலுக்கு ஒப்புக்கொண்டிருந்தார். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் ஸ்ரீநாத் பாசத்தில் புகுந்து கெடுத்தான். அப்பாவுக்கு வலிக்கக் கூடாதென்று, தானே கரையும் பஞ்சாக வைக்கச் சொல்லிவிட்டான்.

"எப்போடா கரையும்?"

"தானே கரையும்ப்பா. கொஞ்சம் பொறுத்துக்கோங்கோ."

உப்புத் தண்ணீரை விட்டு விட்டுப் பார்த்தார். கரைந்தபாடில்லை. வாயால் மூச்சு வாங்கித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அடுப்புப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அதனால் சாஸ்தாப்ரீதி அன்று அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பல வருஷமாக அவரிடம் திட்டு வாங்கியே சமைத்துவரும் சங்கர்ராம் கையில் கரண்டி.

"புளிங்கறிக்குக் காயம் போருமாடா?"

"நன்னாயிருக்கு மாமா."

"எரிசேரில தேங்கா வறுத்த வாசனை வரதா?"

"அதும் நன்னாயிருக்கு மாமா."

"எந்தா நன்னாயிருக்கு? எப்படி இருக்குன்னு சொல்லித் தொலையேண்டா!"

கத்தியதில் மூக்குக்குள் விண்ணென்று தெறித்தது. எரிச்சலில் கண்ணில் நீரே வந்துவிட்டது. இன்றோடு தன் பேர் போயிற்று என்று முடிவு கட்டிக்கொண்டார்.

பூஜை முடிந்து பந்தி நடந்தபோது யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. எதிலும் குற்றம் கண்டுபிடிக்கும் பாக்கியலக்ஷ்மி மாமி சாப்பிட்டு எழுந்ததும் நேரே அவரிடம் வந்தாள்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு புளிங்கறி நான் சாப்பிட்டதில்லை, கேட்டேளா. இன்னிக்கு என்ன சேர்த்தேள்?"

வெங்கிட்டு எழுந்து உள்ளே போனார். தனியாக ஒரு இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து புளிங்கறியை வாயில் வைத்தார். உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் விடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டுப் பார்த்தார்.

"என்னடா போட்டே?"

"எப்பவும் போடறதுதான் மாமா," என்றான் சங்கர்ராம், பயந்துபோய். "நன்னாயில்லையா?"

அதைத்தான் வெங்கிட்டுவால் சொல்ல முடியவில்லை.