போர்க்கப்பலுக்குத் திருநீறு

போன வருடம் நான் தோற்றது ஒரு புகைபோக்கியால். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் பிரிட்டன் கட்டிய லியாண்டர் வகை இலகு குரூசர் போர்க்கப்பல்கள் எட்டு. முதல் ஐந்துக்கும் ஒரே புகைபோக்கி. அவுஸ்திரேலியாவுக்குப் போன மற்ற மூன்றுக்கும் இரண்டு. நான் ஐந்தில் ஒன்றின் மாதிரியைச் செய்யப் புறப்பட்டு, மூன்றில் ஒன்றின் படத்தைப் பார்த்து இரண்டு வைத்துவிட்டேன். மாதிரிக் கப்பல் போட்டிக்கு நடுவராக வந்த கியூபெக் கிழவர் அளவுகோலை வெளியே எடுக்கக்கூட இல்லை. புகைபோக்கிகளை எண்ணினார், மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார், போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல!

அந்த ஆத்திரத்தில்தான் வருடம் முழுவதும் வேலை செய்தேன். பகலில் கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு திரிவேன். வீட்டுக்கு வந்தால் குசினிச் சாப்பாட்டு மேசைதான் கப்பல் கட்டும் துறை. வெறும் மருந்துப் பெட்டிகளின் அட்டையில் உடல், பித்தளைக் குழாயில் எட்டுப் பீரங்கிகள், நீளம் இரண்டு முழத்துக்குச் சற்றுக் குறைவு. பிற்காலத்தில் இந்தியக் கடற்படைக்குப் போய் டெல்லி என்று பெயர் மாறிய கப்பல் அது. மனைவி அதன் பக்கமே வரமாட்டாள். மடியில் சோற்றுக் கோப்பையை வைத்துத் தின்ன வேண்டிக்கிடக்கே என்று நாளுக்கு நாலு தரம் ஏசுவாள். இந்த முறையும் தோற்றால் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு, இனி கப்பல் பக்கமே போகமாட்டேன் என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

போட்டி புரோசார்டில், ஒரு மண்டபத்தில். நான் காரை வாசலுக்கு எடுத்துவரப் போன ஐந்து நிமிடத்தில் அவள் தன் வேலையைக் காட்டிவிட்டாள். புதுக் கார் வாங்கினால் சில்லுக்குத் தேசிக்காய் வைத்து நசிக்கிற ஆட்கள் நாங்கள். கப்பலைச் சும்மா அனுப்புவாளா? புகைபோக்கியில் திருநீற்றைக் குழைத்து மூன்று குறி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மண்டபத்தில் பெட்டியைத் திறந்தபோதுதான் கண்டேன். துடைக்க நேரமிருக்கவில்லை.

அதே கிழவர்தான் வந்தார். புகைபோக்கி ஒன்று என்று கண்டதும் அளவுகோலை எடுத்தார். அரை மணி நேரம் அளந்தார். ஒரு பிழை இல்லை! கடைசியில் அந்தக் குறிகளைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். எனக்கு நாக்கு நுனியில் நல்ல பொய் ஒன்று வந்து நின்றது: இந்தியாவுக்குப் போன கப்பல் அல்லவா, அங்கே இப்படித்தான் பூசினார்கள். மனுசன் நம்பியிருப்பார். ஆனால் சரியான கப்பல் செய்ய வேண்டுமென்று ஒரு வருடம் மாரடித்தவன், கடைசி நிமிடத்தில் அதைப்பற்றிப் பொய் சொல்வதா? இது கப்பலில் இருந்ததில்லை, நான் வெல்ல வேண்டுமென்று என் மனைவி பூசியது என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். இப்போதே துடைத்தால் சரி, இருந்தால் புள்ளி குறைப்பேன் என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற மனைவியின் முகம் கறுத்துப்போனது. ஈரத் துணியோடு கிட்ட வந்தாள்.

“என்ர பிழை. நானே துடைச்சு விடுறன், தள்ளுங்கோ.”

இந்த ஒரு வருடத்தில் அவள் அந்தக் கப்பலைத் தொட்டது அன்று காலை மட்டும்தான். எனக்கு எரிச்சலும் பாசமும் ஒன்றாக வந்தன.

“கையை எடும். குறைக்கிறதெண்டால் குறைக்கட்டும். அது இருக்கட்டும்.”

கிழவர் எங்கள் இருவரையும் பார்த்தார், எழுதினார், அடுத்த மேசைக்குப் போனார்.

பின்னேரம் முடிவு சொன்னார்கள். குறைத்தது போகவும் முதலிடம் எனக்குத்தான்! நான் கதிரையை விட்டு எழும்புவதற்குள் அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடிவிட்டாள். வெற்றிக் கேடயத்தை வாங்கித் தலைக்குமேல் உயர்த்தினாள். கப்பல் செய்தவன் நான், கீழே நின்று கை சிவக்கச் சிவக்கத் தட்டினேன்.