மூன்று நாய் முத்திரை

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கமால் பாய் இறந்த செய்தி வந்ததும் நான் சிரித்துவிட்டேன். குரலை மாற்றிக்கொண்டு, "கமால் மவுத்தாயிட்டாரு" என்று அவரே எனக்கு இரண்டு முறை போன் செய்தவர். "பிரியாணி உண்டா பாய்?" என்று கேட்டேன். எதிர்முனையில் அவர் மகள் அழுதுகொண்டிருந்தாள்.

பாய் ராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு, பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் மாணவர் படைக்கு வந்த பழைய ராணுவத் துப்பாக்கிகள் அவர் பொறுப்பு. அவற்றின் மரக்கட்டை உடைந்தால் ஒட்டித் தருகிற ஆசாரி நான். சர்க்கரை வியாதி அவர் கண்ணைத் தின்னத் தொடங்கியது எனக்கு மட்டும்தான் தெரியும். "வெளிய சொல்லிராத மாப்ள. அப்புறம் என்னைய துப்பாக்கிப் பக்கமே விடமாட்டாய்ங்க."

அதனால் துப்பாக்கி இரும்பில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்ப்பது என் வேலையானது. எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, கண்டதைச் சொல்வேன். கிரீடம் என்றால் வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு என்பார். ஒருநாள், "மூணு நாய் நிக்குது பாய்" என்றேன்.

"அடப்பாவி, அது நம்ம சிங்கம்டா! சுதந்திரத்துக்குப் பெறகு செஞ்சது. சத்தமாச் சொல்லித் தொலையாத, உள்ள தூக்கிப் போட்ருவாய்ங்க."

அன்றிலிருந்து எனக்குப் பெயர் மூணு நாய்.

"வயிறு பெருத்தவன், தலை பெருத்தவன்" என்று நான் சொன்னால் அது டி, பி. அந்தத் துப்பாக்கி அணிவகுப்புக்கு மட்டும், சுட்டால் வெடித்துவிடலாம். ஒன்றில் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் இருந்த அந்த இருவரை நான் கவனிக்கவில்லை. சுடுகிற வரிசையில் வைத்துவிட்டோம். போகிறபோக்கில் நகத்தால் தடவிய பாய் அப்படியே நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

"உன் கண்ணும் என் மூளையும் சேந்தா ஒரு முழு ஆளு ஆகாது மாப்ள. பிள்ளைக மூஞ்சிக்கிட்ட வச்சு சுடுற சாமான்."

மறுநாள் தன் கண் விஷயத்தைக் கல்லூரியில் தானே சொல்லி, துப்பாக்கி அறைச் சாவியை ஒப்படைத்தார். வாசல் வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதுவரை அவர் யார் தோளையும் பிடித்ததில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சுத்தமாகப் பார்வை இல்லை. "யாரு?" என்றார். "மூணு நாய்" என்றேன். என் கையைப் பிடித்து, கட்டைவிரலில் உளி வெட்டிய தழும்பை நகத்தால் தடவினார். "ஒரிஜினல்தான்" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தப் பெயர்தான். பாயைத் தெரிந்தவர்கள் என்னை எங்கே கண்டாலும் அப்படியே கூப்பிடுங்கள், திரும்பிப் பார்ப்பேன்.

மையவாடியில் மண் போடக் குனிந்தேன். முத்திரை பார்க்க அவர் வாங்கித் தந்த கண்ணாடி சட்டைப் பையிலிருந்து குழிக்குள் விழுந்தது. "எடுக்கவாண்ணே?" என்று அவர் மருமகன் கேட்பதற்குள் அடுத்த ஆள் மண்ணைத் தள்ளிவிட்டார். அதன் கூடு வீட்டில் இருக்கிறது.