மயக்க டாக்டர் எத்தனை பேர்?

“காரு நிக்குதா சிஸ்டர்?”

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கேட்கிறார் நஜ்முன்னிசா. டாக்டர் இருக்கிறாரா என்று மட்டும் கேட்க மாட்டார். கேட்டால் எந்த ஆஸ்பத்திரியிலும் ‘இருக்கார்’ என்றுதான் பதில் வருமாம். காரைக் கேட்டால் நர்ஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாக வேண்டும்.

திண்டுக்கல்லில் ஒரு சுகாதார அலுவலக மாடியில் அவருக்கு வேலை. பிரசவம், எலும்பு, கண், மயக்க மருந்து என்று சிறப்பு மருத்துவர்கள் அரசு ஆஸ்பத்திரிகளில் எத்தனை பேர் என்று வருஷா வருஷம் எண்ணிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். எங்கே ஆள் இல்லையோ அங்கே புது ஆளைப் போடுவார்கள். இதில் என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன், அவர் பக்கத்தில் ஒரு நாள் உட்காரும் வரை.

“எலும்பு டாக்டர் ஒருத்தரு ரெண்டு வருசமா ஆபீஸ்ல கையெழுத்துதான் போடுறாரு. சம்பளக் கணக்குல இன்னமும் எலும்புதான். கொடியில சட்டை காஞ்சா வீட்ல ஆளிருக்குன்னு அர்த்தமா?”

அதனால் சம்பளக் கணக்கை, காப்பீட்டுத் திட்டத்தில் பதிவாகும் ஆபரேஷன்களோடு ஒட்டிப் பார்க்கிறார். சம்பளம் வாங்கியவர் அங்கே யாருக்காவது வைத்தியம் பார்த்தாரா என்பது தெரிந்துவிடும். அப்புறமும் சந்தேகம் என்றால்தான் கார். கல்யாண வீட்டிலும் இதே புத்தி. முதல் பந்தி முடிவதற்குள் எந்தச் சொந்தம் வரவில்லை என்று சொல்லிவிடுவாராம். “எங்க வீட்ல ஒரு கறித்துண்டை ஒளிக்க முடியாதுங்க” என்று அலுத்துக்கொள்கிறார் கணவர் அப்துல் லத்தீப்.

அன்று நஜ்முன்னிசாவின் முகம் சரியில்லை. காரணம் மயக்க டாக்டர் இனிகோ. இரண்டு தாலுகா ஆஸ்பத்திரிகள். ஊர்ப் பெயர்கள் வேண்டாம். முதலாவதில் அவருக்குச் சம்பளம். இரண்டாவதற்கு வாரத்தில் பாதி நாள் அனுப்பி வைத்திருக்கிறார்கள். இரண்டு ஆஸ்பத்திரியும் ‘மயக்க மருத்துவர் ஒருவர்’ என்று எழுதி அனுப்ப, இனிகோ இரண்டு ஆளாகிவிட்டார். அவரே போனில் சிரித்தாராம், “நான் ரெட்டைப் பிள்ளையாம்மா?” என்று.

சிரிக்கிற விஷயம் இல்லை. போன மாதம் ராமுத்தாய் என்ற பூ பறிக்கும் பெண் வலியோடு இரண்டாவது ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, இனிகோ முதலாவதில் இருந்தார். மயக்கம் கொடுக்க ஆளில்லாமல் ஆம்புலன்ஸில் ஏற்றித் திண்டுக்கல்லுக்கு அனுப்பினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது ஆண்டவன் புண்ணியம்.

“ரெண்டாவது ஆஸ்பத்திரிக்குச் சைபர்னு போடப் போறேன் சார்” என்றார் நஜ்முன்னிசா.

அதிகாரி இளஞ்செழியன் நல்ல மனிதர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “போட்டா, கணக்குல இல்லாத எடத்துக்கு ஏன் அனுப்புறீங்கன்னு இனிகோவ மொத ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் கூப்பிட்டுக்குவாங்கம்மா. புது ஆளு வர்ற வரைக்கும் ரெண்டாவதுல ஆபரேஷனே நடக்காது. இப்பப் பாதி நாளாவது ஓடுதுல்ல?”

“ஒண்ணுன்னு இருந்தா யாரு சார் புது ஆளு போடுவா? பாதி நாளுன்னு பார்த்தா வலி வருது?”

“உங்க இஷ்டம்” என்று அதிகாரி உள்ளே போய்விட்டார்.

அருகே நாற்காலியில் நஜ்முன்னிசாவின் தங்கை ஃபாயிஸா உட்கார்ந்திருந்தாள். ஸ்கேன் எடுக்கச் செம்பட்டி வழி பஸ்ஸில் வந்தவள். அவள் வாக்கப்பட்டது இரண்டாவது ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில். முதல் பிள்ளையே ஆபரேஷன், இதுவும் அப்படித்தான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

“அக்கா, எனக்கு அடுத்த மாசம்க்கா” என்றாள் மெல்ல.

நஜ்முன்னிசா தங்கையின் வயிற்றைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். எனக்கே மனசு கேட்கவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமே என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

“செத்த இரு பாப்பா.”

ஒன்றை அழித்தார். சைபரை அடித்தார். அனுப்பிவிட்டார்.

பிறகு கைப்பையைத் திறந்து, சாவிக்கொத்திலிருந்து, திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருக்கும் தன் வீட்டு வாசல் சாவியைக் கழற்றினார். வளையம் லேசில் விடவில்லை. நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. கழற்றியதைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.