பின்னால் உட்கார்ந்தவள்

செண்பகராஜ் இரண்டாம் தடவை சைக்கிள் பழகியது மகளின் சைக்கிளில். இந்துஜா பதினொன்றாம் வகுப்புப் படிக்கையில் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது அது. அவள் கல்யாணமாகிக் கடம்பூருக்குப் போனபின் தொழுவத்தில் சாய்ந்து கிடந்து, கோழி அடைகிற இடமாகிவிட்டது. அறுபத்திரண்டு வயதில் அதைக் கழுவித் துடைத்து, பசுவந்தனையில் மணிராஜ் கடைக்கு உருட்டிக்கொண்டு போனார்.

மணிராஜ் டியூபைத் தண்ணீரில் முக்கியபடியே கேட்டான். "என்ன அண்ணாச்சி, ப்ளஸ் ஒன்ல சேந்துட்டியளா? யூனிபாரம் தச்சாச்சா?"

"ஏலே, பஞ்சரப் பாரு."

அவருடைய சொந்தப் பெரிய சைக்கிளில் இனி ஏற முடியாது. இடது காலைப் பெடலில் வைத்து உந்தி, ஓட்டத்திலேயே வலது காலைப் பின்பக்கமாகத் தூக்கிப் போட வேண்டும். வலது முட்டிக்குள் இப்போது கம்பி இருக்கிறது. அது அவ்வளவுக்கு வளையாது.

இரண்டு வருடத்துக்கு முன் கார்த்திகையில், மழைவிட்ட சாயங்காலம், புஞ்சைக் காட்டிலிருந்து தனியாக வந்துகொண்டிருந்தார். கரிசல் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் திரண்டு, சக்கரத்தை இறுக்கத் தொடங்கியது. அந்த மாதிரி நேரத்தில் இறங்கி, குச்சியால் மண்ணை நோண்டிவிட்டு உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருட்டுவதற்குள் வீடு சேர்ந்துவிடலாம் என்று அவர் அழுத்தி மிதித்தார். சக்கரம் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. ஓடைப் பாலத்துக் கல்லில் முட்டி போய் மோதியது.

கோவில்பட்டியில் ஆபரேஷன் செய்த டாக்டர், சைக்கிள் ஓட்டுவது முட்டிக்கு நல்லது என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் செண்பகராஜ் மறுபடி மிதிக்க நினைத்தது முட்டிக்காக இல்லை. மனைவி வெள்ளைத்தாய் காட்டுக்கு நடந்து போவது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருக்குப் பின்னால் கேரியரில் உட்கார்ந்துதான் காட்டுக்குப் போவாள். மற்ற பெண்கள் கூட்டமாக நடந்து போகையில் மணியடித்து ஒதுங்கச் சொல்லி அவர்களைத் தாண்டிப் போவதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. வழி முழுக்க அவர் பேசிக்கொண்டு போவார். பருத்தி விலை, பன்றி அழித்த மக்காச்சோளம், பக்கத்துப் புஞ்சைக்காரனின் வரப்புச் சண்டை. அவள் கேட்டுக்கொண்டு வருவாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது எதை நினைத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். முகத்தில் காலை வெயில், முதுகுக்குப் பின்னால் அவள்.

அதனால் களத்தில் பழகினார். கல்லுக்கட்டில் ஏறி நின்று, குறுக்குக் கம்பி இல்லாத அந்தச் சைக்கிளில் காலை உள்ளே விட்டு உட்கார்ந்துகொண்டார். முதலில் வலது கால் பெடலோடு முழுச்சுற்று வர மறுத்தது. ஒரு நாள் குப்பைக்கிடங்கில் போய் விழுந்தார். வெள்ளைத்தாய் ஓடிவந்து தூக்கிவிட்டு, சட்டையைத் தட்டிவிட்டாள். ராத்திரி முட்டிக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்தாள். எதற்காக இந்தப் பாடு என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உளுந்துக்குக் களையெடுக்கும் நாள் வந்தது. மழை விட்டுப் பாதை நன்றாகக் காய்ந்திருந்தது. பக்கத்து வீட்டு உமாதேவியும் மற்றப் பெண்களும் தூக்குவாளியும் களைசுரண்டியுமாக வாசலில் நிற்க, அவர் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏறு."

"எங்க ஏற?"

"பின்னாலதான். காட்டுக்குத்தான போறே?"

"நீங்க முன்னால போங்க. நான் இவளுவ கூட நடந்து வாரேன்."

"கால் தாங்காதுன்னு பாக்கியா? நேத்து ஒரு மூட தவுட்டக் கட்டி வச்சுக் களத்தச் சுத்தியிருக்கேன்."

உமாதேவி வாயைப் பொத்திக்கொண்டாள். "அத்த, மாமா ஒங்களத் தவுட்டு மூடைங்காவ! சும்மா விடாதிய."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால் அவரை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வெள்ளைத்தாய் ஏறி உட்கார்ந்தாள்.

தார் ரோட்டில் சைக்கிள் அழகாகப் போயிற்று. வண்டிப்பாதையில் இறங்கியதும், ஈரத்தில் மாடுகள் மிதித்த தடமெல்லாம் கல்லாக இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு குழியும் முட்டியில் ஊசியாக இறங்கியது. இத்தனை வருடம் இதே பாதையில் இத்தனை குழி இருந்ததா என்று அவருக்கு வியப்பாக இருந்தது.

"நிறுத்துங்க."

"ஏன், சேல மாட்டிக்கிட்டா?"

"இல்ல, எறங்கணும்."

இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபமாகத் தெரியவில்லை.

"எனக்கு இது ஒத்துக்கிடாதுங்க. முன்னயும் ஒத்துக்கிடல."

"முன்னயுமா?"

"ஒங்க சீட்டுல ஸ்பிரிங் கெடந்துது. பின்னால வெறுங்கம்பி. ஒவ்வொரு குழிக்கும் முதுகெலும்புல ஏறும். இந்துஜா வயித்துல இருக்கையில ரெண்டு கையையும் அடியில குடுத்துத்தான் உக்காந்து வருவேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன். பழைய சேலய மடிச்சு வச்சுக்கிடட்டான்னு கேட்டேன். ஊருல சிரிப்பாவன்னிய."

அவருக்கு அப்படிச் சொன்னது நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பார். அது அவர் பேச்சுத்தான்.

"ஒங்க காலு ஒடஞ்சதுல எனக்கு சந்தோசம்னு நெனச்சுராதீங்க. மொத மாசம் அழுதுக்கிட்டேதான் நடந்தேன். பெறகு நடக்கது நல்லாத்தான் இருந்துது. இவளுவ கூட நாலு கத பேசிக்கிட்டு…" சொல்லவந்ததை முடிக்காமல் தூக்குவாளியைக் கைமாற்றிக்கொண்டாள்.

"இப்ப வலிக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"இப்ப இல்ல."

பின்னால் வந்த பெண்கள் அவர்களை எட்டிவிட்டார்கள். செண்பகராஜ் சைக்கிளை உருட்டியபடி கூடவே நடந்தார். அதுவரை கலகலவென்று வந்த கூட்டம் வாயடைத்துப் போயிற்று. செருப்புச் சத்தமும் அவருடைய நொண்டு நடையும்தான் கேட்டன. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு உமாதேவி சொன்னாள்:

"மாமா, கோவிச்சுக்கிடாதிய. நீங்க முன்னால போங்களேன். நீங்க கூட வந்தா எங்களுக்குப் பேச்சு ஓட மாட்டேங்கு."

வெள்ளைத்தாய் அவரை இருக்கச் சொல்லவில்லை. "பைய போங்க" என்றாள். அவள் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கி அவர் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டார். பாதையோரத்து வரப்பு மேட்டில் ஏறி நின்று, சைக்கிளில் உட்கார்ந்து மிதித்தார்.

வேலிக்கருவை மரங்களைத் தாண்டுவதற்குள் பின்னால் பேச்சு தொடங்கிவிட்டது. யாரோ ஏதோ சொல்ல, ஒரு பெண் அடக்கமாட்டாமல் வாய்விட்டுச் சிரித்தாள். அது வெள்ளைத்தாயின் சிரிப்பா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவள் அப்படிச் சிரித்துக் கேட்ட ஞாபகம் அவருக்கு இல்லை. கழுத்தைத் திருப்பினால் ஹேண்டில் ஆடும். ஆடினால் சட்டென்று ஊன்ற அந்தக் காலால் ஆகாது. பாதையை மட்டுமே பார்த்துக்கொண்டு மிதித்துப் போனார்.