கத்தி படாத வயிறு

எண்பதுகளின் நடுவில் இங்கிலாந்துக்கு வந்த எனக்கு இன்னும் பழகாத ஒன்று, இங்கே டாக்டர்கள் நோயைக் குழந்தையிடமே விசாரிப்பது. என் ஏழு வயது மகன் குமார் வலப்பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்ட அன்றும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் சர்ஜன் கட்டிலருகே மண்டியிட்டு, "உன் அப்பெண்டிக்ஸ் வீங்கியிருக்கிறது. வெட்டி எடுத்துவிடலாமா?" என்று ஆங்கிலத்தில் அவனைக் கேட்டார். அவனும் பெரிய மனுஷன் போலத் தலையாட்டினான். பெற்றவள் நான் குத்துக்கல்லாட்டம் நின்றேன். கணவர் வேலையாக வெளியூர் போயிருந்ததால் முடிவு என் தலையில். "கத்தி வேண்டாம். சின்ன வயதில் எனக்கும் இதே நோய்தான், ஊசியிலேயே குணமானது," என்றேன். அவர் மரியாதையாக, "உங்கள் மதம் தடுக்கிறதா?" என்றார். இதில் அண்ணாமலையாரை எதற்கு இழுக்கிறார் என்று எரிச்சல்தான் வந்தது.

எழுபதுகளில், திருவண்ணாமலையில், என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. "குடல் ஏறிக்கிச்சு. எண்ண போட்டு வழிச்சா எறங்கிடும்," என்று அம்மா அடி அண்ணாமலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பெண் விளக்கெண்ணெய் தடவி, நான் அலற அலற வயிற்றை வழித்துவிட்டாள். காய்ச்சல் கொதித்து, வயிற்றில் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் பெரியாஸ்பத்திரி. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "இப்ப கத்தி வெச்சா ஆபத்து ஜாஸ்திங்க. ஊசி போட்டுப் பாக்கலாம். வாய்க்குப் பச்சத் தண்ணிகூடக் குடுக்காதீங்க," என்றார். எங்கள் சனம் சும்மா இருக்குமா? கீழ்பென்னாத்தூரிலிருந்து சித்தப்பா குடும்பமே பஸ் ஏறி வந்து, பட்டினி கிடந்த என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டது. அன்று அவர்களை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். இப்போது, ஆளரவமே இல்லாத இந்த இங்கிலாந்து வார்டில், அந்தக் கூட்டத்துக்காக ஏங்கினேன். அன்று ஊசியிலேயே என் கட்டி கரைந்தது. கொஞ்ச நாள் கழித்து வந்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு மலை சுற்றினார். அத்தோடு சரி, யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இதைச் சொல்லி முடித்தேன். சர்ஜன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தாமதமானதில் உங்கள் உடம்பே அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டது. அது அதிர்ஷ்டம். இவனுக்குச் சுவர் இல்லை. உடைந்தால் வயிறு முழுக்கச் சீழ் பரவும்." வைத்தியம் என்று நான் பெருமை பேசிவந்ததில் பாதி தப்பிப் பிழைத்ததுதான் என்று அப்போதுதான் உறைத்தது. சரி என்றேன்.

ஆபரேஷனுக்குத் தயார் செய்த நர்ஸ், குமாரின் அரைஞாண் கயிற்றைக் கண்டதும் கத்தரியை எடுத்தாள். எங்கள் பக்கம் அதை அறுத்தெடுப்பது உயிர் போன பிறகுதான். "நோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் பின்வாங்கினாள். நானே அவிழ்க்கப் பார்த்தேன். இழுக்க இழுக்க முடிச்சு இறுகியதே தவிர அவிழவில்லை.

"வலிக்குதும்மா. கட் பண்ணிடும்மா," என்றான் பிள்ளை.

கத்தரியை வாங்கி நானே அறுத்தேன். அந்த நொடியில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கயிற்றில் கோத்திருந்த வெள்ளித் தாயத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். தலைப்பிரசவத்துக்கு நான் ஊர் போயிருந்தபோது, குமாருக்கு விழுந்த தொப்புள்கொடியை அம்மா அதற்குள் வைத்து அடைத்திருந்தாள்.

சாயங்காலம் சர்ஜன் சிரித்தபடி வந்தார். பிள்ளை பிழைத்துவிட்டான். எடுத்ததைப் பார்க்கிறீர்களா என்று ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். ஒரு கையில், தாயத்துக்குள், திருவண்ணாமலையில் விழுந்த துண்டு; மறு கையில், புட்டிக்குள், இந்த ஊரில் விழுந்த துண்டு. நடுவில் என் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.