அச்சரப்பாக்கத்துக்கு வந்த மும்பைக் கடிதம்

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் நடந்தது இது. அப்போது நான் அச்சரப்பாக்கத்தில் உரக்கடை வைத்திருந்தேன். கையில் கொஞ்சம் பங்குகளும் இருந்தன.

அதற்கு முன்பெல்லாம் பங்கு விற்க வேண்டுமென்றால் சென்னைத் தரகருக்குத்தான் போன் செய்ய வேண்டும். சாயங்காலம் அவர் ஒரு விலை சொல்வார். அன்றைக்கு எது குறைந்த விலையோ, என் பங்கு மட்டும் எப்படியோ அதில்தான் விற்றிருக்கும். கேட்கவும் வழியில்லை. மும்பையில் புதிய பங்குச் சந்தை தொடங்கி, கம்ப்யூட்டர் மூலமாகவே வியாபாரம் என்று ஆன பிறகு, செங்கல்பட்டில் ஒரு தரகர் அலுவலக மாடியிலும், அந்தச் சந்தையோடு இணைக்கும் பெரிய டிஷ் ஆன்டெனா முளைத்தது. நானும் அங்கே மாறிக்கொண்டேன்.

அங்கே கம்ப்யூட்டரில் எங்கள் ஆர்டர்களைப் போட்டவர் திருவிடந்தையிலிருந்து வரும் ஒரு பெண். மீனவர் வீட்டில் முதல் பட்டதாரி. அந்தச் சந்தை நடத்திய தேர்வையும் எழுதித் தேறியவர்.

ஒருநாள் போனில் ஒரு விலை சொல்லி விற்கச் சொன்னேன். விற்றாயிற்று என்றார். மறுநாள் பேப்பரைப் பார்த்தால், அந்தப் பங்கு அன்று அதைவிட நல்ல விலைக்குப் போயிருக்கிறது. பழைய சூடு கண்டவன் அல்லவா, நேரே பஸ் ஏறிப் போய், பத்துப் பேர் முன்னால், "இன்னாம்மா, படிச்ச பொண்ணுன்னு நம்பினா இப்பிடித்தான் ஏமாத்துவியா?" என்று கத்திவிட்டேன்.

அவர் குரல் உயரவே இல்லை. "சார், என்னை நம்ப வேணாம். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நம்பர் கீது. எத்தினி மணிக்கு, இன்னா வெலைக்கு வித்துச்சின்னு மும்பைல செகண்டோட பதிவாயிருக்கும். நீங்களே எழுதிக் கேளுங்க" என்றார்.

கூட்டத்தைப் பார்த்துப் பயந்துபோன முதலாளி, அவரை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் அதைத் தடுக்கவில்லை. மும்பைச் சந்தைக்கு எழுதியும் போட்டேன், பதில் வராது, அவர் சொன்னது பொய்யென்று ஆகிவிடும் என்ற தைரியத்தில்.

ஆனால் இரண்டே வாரத்தில் பதில் வந்தது. மும்பையிலிருந்து, ஒரு உரக்கடைக்காரன் பெயருக்கு! என் ஆர்டர் எண், விற்ற மணி, நிமிடம், விநாடி எல்லாம் அதில் இருந்தன. பேப்பரில் நான் பார்த்த விலை, என் பங்கு விற்று முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. அதோடு, நான் கேட்டதைவிட ஒரு ரூபாய் கூடுதலாகவே எனக்குக் கிடைத்திருந்தது. அந்த நொடியில் இருந்ததில் நல்ல விலையை, யார் விற்கிறார் என்று பார்க்காமலே அந்த இயந்திரம் எனக்குக் கொடுத்திருக்கிறது. தலை குனிந்துவிட்டது.

மாமல்லபுரம் போய், பஸ் மாறி, திருவிடந்தையில் அவர் வீட்டை விசாரித்துப் போனேன். மன்னிப்புக் கேட்டு, கடிதத்தை முதலாளியிடம் கொடுத்து வேலையை வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"குடுத்தா மட்டும் பத்தாது சார். அன்னிக்கு யார் முன்னால கத்தினீங்களோ, அவங்க முன்னாலயே இதைப் படிங்க."

திங்கட்கிழமை அதேபோல் பத்துப் பேர் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், கடிதத்தை முழுக்கப் படித்தேன். ஏமாற்றியது அவர் இல்லை, அவசரப்பட்டது நான்தான் என்றும் சொன்னேன். முதலாளி அன்றே அவரை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

அதற்குப் பிறகு காகிதப் பங்குப் பத்திரங்கள் மறைந்தன. ஊருக்கு ஊர் அந்தச் சந்தையின் கம்ப்யூட்டர் திரைகள் வந்தன. இரண்டாயிரத்துக்குப் பிறகு மாமல்லபுரத்தில் திறந்த கிளைக்கு அந்தப் பெண்தான் மேலாளர். முதல் நாளே போய் நான் கணக்கை அங்கே மாற்றிக்கொண்டேன். என் முகத்தையே பார்க்காத ஒரு சந்தை எனக்கு நியாயம் செய்தது. எதிரிலேயே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு நான் அதைச் செய்யவில்லை என்பது, யாரையாவது சந்தேகப்பட வாய் திறக்கும்போதெல்லாம் இன்றும் என்னை நிறுத்திவிடுகிறது.